முத்திரை மோதிரத்தை இரவல் கொடுக்கலாமா?



கேட்கிறவர்களுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது என்றே நம் பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம். ஓய்வுநாள் பள்ளியில் அதைக் கற்றுக்கொடுக்கிறோம். வீட்டிலும் அதுவே வழக்கம். பக்கத்து வீட்டார் உறைமோர் கேட்டால் கொடுக்கிறோம், ஏணி கேட்டால் கொடுக்கிறோம், அவசரத்துக்கு வண்டிச் சாவியையும் எடுத்து நீட்டுகிறோம். செஞ்சியைப் போன்ற ஊரில் இரவல் இல்லாமல் ஒரு வாரம்கூட நகராது. அப்படி வளர்ந்த ஓர் இளைஞனிடம், நண்பன் கேட்டாலும் கொடுக்கக் கூடாத பொருள் ஒன்று உண்டு என்று சொன்னால், போதகர் ஏன் இப்படிப் பேசுகிறார் என்று அவன் வியப்போடு பார்க்கிறான். கல்லூரிக் கணினிக்குள் நுழைவதற்கு அவனுக்குக் கொடுக்கப்படும் கடவுச்சொல்லையே சொல்கிறேன். தியானத்துக்குரிய பகுதியில் இந்தப் பொருள் எதற்கு என்று பெரியவர்கள் சிலர் நினைக்கக் கூடும். இதனால் ஒரு வீட்டில் அடுப்பு எரியாமல் போனதை நான் அறிந்திருக்கிறபடியால் எழுதுகிறேன்.

நம் சபையிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை, சென்னை என்று கல்லூரிகளுக்குப் போகிறார்கள். பல வீடுகளில் தலைமுறைகளிலேயே கல்லூரி வாசலை முதலில் மிதிக்கிறவர்கள் அவர்கள்தாம். சேர்க்கையின்போது கையெழுத்திடச் சொல்லி நீட்டப்படும் தாள்களில், கணினி ஆய்வகத்தையும் கல்லூரியின் இணைய இணைப்பையும் பயன்படுத்தும் விதிமுறைகளும் இருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். விடுதிக் கட்டணத் தாளை மூன்று முறை படிக்கிற தகப்பன்மார் இதை ஒரு முறையும் படிப்பதில்லை. பெற்றோர் கொண்டுவந்து காட்டியதில் நான் படித்த தாள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றையே சொல்கின்றன. உனக்குத் தந்த கணக்கை நீ மட்டும் பயன்படுத்து. பிறருடைய கோப்பு திறந்தே கிடந்தாலும் அதைப் படிக்காதே. உரிமம் இல்லாத மென்பொருளையும் திரைப்படங்களையும் இறக்காதே. கல்லூரியின் இயந்திரத்தை உன் சொந்த வியாபாரத்துக்குப் பயன்படுத்தாதே. பூட்டு சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் வேலையை நீயாக ஏற்றுக்கொள்ளாதே. பழுது கண்டால் தெரிவி. இதில் மறுக்கத்தக்கது எதுவும் இல்லை. ஆயினும் ஏன் என்ற காரணத்தை எந்தத் தாளும் சொல்வதில்லை. காரணம் தெரியாத விதியைப் பிள்ளைகள் வாயிற்காவலரின் அதட்டலாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

காரணத்தை அறியச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். 1961ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழுவினர், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் முறையை இயக்கிக் காட்டினார்கள். பலர் பகிரும்போது ஒவ்வொருவருடைய கோப்பும் தனியே இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்ற கணக்கும் வேண்டும். அதற்காகவே ஆளுக்கொரு கடவுச்சொல்லை வைத்தார்கள். ஓராண்டு கடப்பதற்குள் அது களவு போயிற்று. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிடும்படி ஒரு துளை அட்டையின் மூலம் கணினிக்குக் கட்டளை கொடுத்து, ஒரு சனிக்கிழமை காலையில் அச்சிட்ட தாள்களை எடுத்துக்கொண்டு போனார். பல ஆண்டுகளுக்குப் பின் அவரே அதைச் சொன்னார். அவரிடம் கெட்ட எண்ணம் இருந்ததாக யாரும் சொல்வதில்லை. தேவை இருந்தது; அடுத்தவருடைய மணி நேரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

நம் நாட்டிலும் அந்தப் பற்றாக்குறையைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். 1973இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 370/155 என்னும் பெருங்கணினி நிறுவப்பட்டது. அக்காலத்து மாணவர்கள் துளை அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு, விடை அச்சாகி வருவதற்குத் தங்கள் முறை வரும்வரை காத்திருந்தார்கள். ஓர் அட்டையில் ஒரு குறி பிசகினால் மறுபடியும் வரிசை. இன்று கையடக்கக் கருவியே அந்தப் பெருங்கணினியைவிட வேகமானது. பற்றாக்குறை மட்டும் முற்றிலும் தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது. விடுதியின் ஓர் அறையில் ஒருவன் இரவெல்லாம் திரைப்படங்களை இறக்கிக்கொண்டிருந்தால், அதே இணைப்பில் கடைசி நாளன்று தேர்வுக் கட்டணம் கட்ட முயலும் மாணவியின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அவளை அவன் பார்ப்பதில்லை. தன்னால் ஒருத்தி காத்திருக்கிறாள் என்பதும் அவனுக்குத் தெரியாது.

ஆதியாகமம் 29ஆம் அதிகாரத்தில், ஆரான் தேசத்து வெளியில் இருந்த ஒரு கிணற்றைப் பற்றி வாசிக்கிறோம். அதன் வாயில் ஒரு பெரிய கல் இருந்தது. மந்தைகள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகே அந்தக் கல்லைப் புரட்டித் தண்ணீர் காட்டி, மீண்டும் மூடிவைப்பார்கள். பகல் இன்னும் மிகுதியாக இருக்கிறதே, ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு போகலாமே என்று வழிப்போக்கனாக வந்த யாக்கோபு கேட்கிறான். எல்லாரும் வந்து சேரும்வரை கூடாது என்கிறார்கள் மேய்ப்பர்கள். கடைசியாக வரும் மந்தைக்கும் தண்ணீர் இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் கல் என்று நான் வாசிக்கிறேன். (ராகேலைக் கண்டதும் யாக்கோபு அதைத் தானே புரட்டிவிட்டான் என்பது வேறு கதை. விதியை மீறுகிறவர்களுக்கு எப்போதும் ஒரு ராகேல் வந்து வாய்க்கிறாள்.) நம் நாட்டுக் கிணறுகளின் விதிகள் எல்லாம் இவ்வளவு நியாயமானவையாக இருந்ததில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். யார் இறங்கலாம், யார் எட்ட நிற்க வேண்டும் என்று பிறப்பைப் பார்த்து விதித்த கொடுமையை நம் முன்னோர் அனுபவித்திருக்கிறார்கள். ஆகவே ஒரு விதியைக் கண்டதும் தலை வணங்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடைசி மந்தைக்குத் தண்ணீர் கிடைக்கிறதா என்று பாருங்கள். கணினி ஆய்வக விதிகளில் பெரும்பாலானவை அந்தச் சோதனையில் தேறுகின்றன.

நேரத்தையும் இணைப்பையும் அளவுக்கு மீறி எடுத்துக்கொள்வது ஒரு வகைத் தவறு. பெயரை இரவல் கொடுப்பது அதைவிட ஆழமானது. வேதாகமக் காலத்தில் கடவுச்சொல்லின் இடத்தில் முத்திரை இருந்தது. 1 இராஜாக்கள் 21ஆம் அதிகாரத்தில், நாபோத்தின் திராட்சத்தோட்டம் கிடைக்காமல் ஆகாப் முகம் வாடிப் படுத்திருக்கிறான். யேசபேல் அரசனின் பெயரில் தானே கடிதங்களை எழுதி, அவனுடைய முத்திரையைப் பதித்து, யெஸ்ரயேலின் பெரியவர்களுக்கு அனுப்புகிறாள். பொய்ச் சாட்சிகள் எழும்புகிறார்கள். நாபோத் கல்லெறியுண்டு சாகிறான். கடிதத்தில் ஒரு வரியையும் ஆகாப் எழுதவில்லை. அதில் என்ன இருந்தது என்பது அவனுக்குத் தெரிந்திருந்ததாகவும் அந்த அதிகாரம் சொல்லவில்லை. ஆனால் தோட்டத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள அவன் போனபோது, எலியா அவனுக்கு எதிரே வந்து நின்று அவனிடமே கணக்குக் கேட்டான். முத்திரை அவனுடையது.

இனி, நான் அருகிலிருந்து பார்த்த காரியத்துக்கு வருகிறேன். அந்தக் குடும்பத்தின் அனுமதியோடு, ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன். கல்லூரியின் பெயர் தேவையில்லை.

ஒரு விவசாயக் குடும்பத்துப் பையன். பொறியியல் இரண்டாம் ஆண்டு. நெல்லும் மல்லாட்டையும் விற்ற பணத்தில் படிக்கிறவன். அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பனுடைய கணக்கு, மாத அளவைத் தாண்டியதால் நிறுத்தப்பட்டிருந்தது. "ஒரு அசைன்மென்ட் மட்டும் அனுப்பிட்டுக் கொடுத்துடறேன்டா" என்று கேட்டான். இவன் கொடுத்தான். கொடுத்ததை மறந்தும்போனான், கடவுச்சொல்லை மாற்றவில்லை. மூன்று வாரங்கள் கழித்து, இவனுடைய கணக்கிலிருந்து வகுப்பில் உள்ள அனைவருக்கும் ஒரு மின்னஞ்சல் போயிற்று. உடன் படிக்கும் ஒரு மாணவியைப் பற்றிய இழிவான பொய்கள் அதில் இருந்தன. மறுநாளே அந்தப் பெண்ணின் தகப்பனார் வந்து அவளை ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

விசாரணைக்கு வரச் சொல்லிக் கல்லூரியிலிருந்து தொலைபேசி வந்தது. தகப்பனார் என்னையும் உடன் அழைத்தார். பேருந்தில் போகும்போது அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அங்கே மேசையின் மேல் ஒரு தாளை வைத்தார்கள். எந்தக் கணக்கு, எந்த இயந்திரம், எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்று எல்லாம் அதில் இருந்தன. பையன் அழுதுகொண்டே, "நான் செய்யல சார், அந்த நேரத்துல நான் மெஸ்ல இருந்தேன்" என்றான். அது உண்மை. யார் செய்தது என்று கேட்டதற்கு வாய் திறக்கவில்லை. வெளியே மரத்தடியில் உட்கார்ந்தபோது நானும் கேட்டேன். அப்போது அவன் சொன்ன பதிலை என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

"அவனைக் காட்டிக் கொடுக்கச் சொல்றீங்களா? என்னை யூதாசா ஆகச் சொல்றீங்களா, ஐயா?"

ஓய்வுநாள் பள்ளியில் நாம் கற்பித்த பாடம்தான் அவன் வாயிலிருந்து வந்தது. சற்று நேரம் கழித்து, "யூதாஸ் குற்றமில்லாதவரைக் காட்டிக் கொடுத்தான், தம்பி. இங்கே குற்றமில்லாதவர் யார்?" என்றேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதுவரை பேசாதிருந்த தகப்பனார் அப்போது பேசினார். "அந்தப் பொண்ணு வூட்ல இன்னிக்கு அடுப்பு எரிஞ்சிருக்குமாடா?"

மறுநாள் காலையில் அவனே துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னான். நண்பன் ஒரு பருவம் முழுவதும் இடைநீக்கம் செய்யப்பட்டான். இவனுடைய கணக்கும் அந்தப் பருவம் முடியும்வரை நிறுத்தப்பட்டது. ஆய்வகப் பயிற்சிகளை ஆசிரியரின் கண்முன்னே உட்கார்ந்து செய்தான். அது கடுமையான தண்டனை என்று உறவினர்கள் சிலர் வருந்தினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பெண்ணுக்கு அவன் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினான். முதல் வரியாக "அதை நான் அனுப்பவில்லை" என்று எழுதியிருந்தான். அந்த வரி அவனுக்கு ஆறுதலே ஒழிய அவளுக்கு அல்ல என்று சொன்னேன். அதை நீக்கிவிட்டு எழுதினான். இரண்டு வாரங்களில் அவள் கல்லூரிக்குத் திரும்பினாள். கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பதில் எழுத வேண்டிய கடமை எதுவும் அவளுக்கு இல்லை.

எஸ்தரின் புத்தகத்தில் அகாஸ்வேரு தன் மோதிரத்தைக் கழற்றி ஆமானிடம் கொடுத்துவிடுகிறான். ஆமான் தூக்கிலிடப்பட்ட பிறகும், அந்த மோதிரத்தால் முத்திரையிட்டு அனுப்பிய கட்டளையைத் திரும்பப் பெற முடியவில்லை. அதை எதிர்கொள்ள வேறொரு கட்டளை எழுத வேண்டியிருந்தது. அந்த மின்னஞ்சலும் அப்படித்தான். அறுபது பேருடைய கைப்பேசிகளிலிருந்து அதை யாராலும் திரும்ப அழைக்க முடியவில்லை.

ஒருவனுடைய கவனக்குறைவு அவனோடு நின்றுவிடுவதுமில்லை. நம் ராஜகிரியில் ஏறியவர்கள் உச்சிக்குச் சற்று முன்னால் இருக்கும் பாறைப் பிளவைக் கடந்திருப்பீர்கள். ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள பிளவு. கடப்பதற்கு ஒரே பாலம். மொகலாயப் படை 1690 முதல் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் முற்றுகையிட்டுக் கிடந்த கோட்டை இது. இத்தனை பெரிய மலையின் உச்சிக்குள் போகிற வழி, அந்தக் குறுகிய பாலத்தில் நிற்கிற காவலனுடைய விழிப்பைப் பொறுத்தது. பல்கலைக்கழகத்தின் கணினி வலைப்பின்னலும் அத்தகையதே. ஒரு மாணவனுடைய கணக்கு, எல்லாருடைய மதிப்பெண்களும் ஆய்வுகளும் சம்பளப் பட்டியல்களும் இருக்கிற இடத்துக்கு ஏறும் பாலமாக மாறிவிடக் கூடும்.

1986இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். அங்கே கணினி நேரத்துக்குக் கட்டணக் கணக்கு வைத்திருந்தார்கள். ஒரு மாதக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. ஒரு டாலர்கூட இல்லை, யாராயினும் விட்டுவிடுவார்கள். வானியலாளரான கிளிஃபர்ட் ஸ்டோல் விடவில்லை. தேடிப் போனபோது, வெளிநாட்டுக்குப் போயிருந்த ஒரு பழைய பயனருடைய கணக்கில் வேறு யாரோ உலவுவதைக் கண்டார். மாதக்கணக்கில் தொடர்ந்ததில், மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரத்திலிருந்து ஒருவர் அந்த ஆய்வகத்தைப் படிக்கல்லாக வைத்து அமெரிக்க இராணுவக் கணினிகளுக்குள் நுழைந்து, கிடைத்ததைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்றது தெரியவந்தது. பல இடங்களில் அவர் பூட்டை உடைக்க வேண்டியிருக்கவில்லை. இயந்திரத்தோடு வந்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாமலே விட்டிருந்தார்கள். கொஞ்சத்தில் உண்மையாயிருப்பதைப் பற்றி நான் பிரசங்கிக்கும்போதெல்லாம் அந்த 75 சென்ட் எனக்கு நினைவுக்கு வருகிறது.

நம் நாட்டின் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், 2008இல் செய்த திருத்தத்தின் வழியாக 66சி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகவோ நேர்மையற்ற எண்ணத்தோடோ பயன்படுத்துகிறவருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பிள்ளைகளை அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை. நண்பர்களுக்குள் விளையாட்டு என்று அவர்கள் நினைப்பதைக் காவல் நிலையத்தில் அப்படி எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

கல்லூரிகளுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. மாணவரின் பதிவெண்ணே பயனர் பெயர், பிறந்த தேதியே கடவுச்சொல் என்று கொடுத்துவிட்டு, ரகசியமாகக் காத்துக்கொள் என்று தாளில் எழுதுவது நியாயமன்று. வகுப்பில் பிறந்தநாள் கேக் வெட்டியவர்கள் எல்லாருக்கும் அந்த ரகசியம் தெரியும். மாணவர்களுடைய பதிவுகளை யார் பார்க்கலாம், எப்போது பார்க்கலாம் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். அதைத் தமிழிலும் எழுத வேண்டும். கையெழுத்திடும் தகப்பனாருக்குப் புரியாத விதியை வைத்து நாளை அவரை விசாரணைக்கு அழைப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

"அப்படியானால் நண்பன் கேட்கும்போது என்ன சொல்வது, ஐயா? தன்னலக்காரன் என்று நினைப்பானே" என்று வாலிபர் கூடுகையில் ஒரு தங்கை கேட்டாள். பத்துக் கன்னிகைகளின் உவமையை வாசிக்கச் சொன்னேன். புத்தியுள்ள ஐவரும் எண்ணெய் தர மறுக்கிறார்கள். நம் ஊர் வழக்கத்தின்படி பார்த்தால் கல்நெஞ்சக்காரிகள். பல ஆண்டுகள் எனக்கும் அந்த இடம் நெருடலாகவே இருந்தது. ஆயினும் ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. வெறுங்கையாய் விரட்டாமல், எங்கே போய் வாங்கலாம் என்று அவர்கள் வழி காட்டியதையும் கவனியுங்கள். கடவுச்சொல்லைக் கேட்கிற நண்பனுக்கும் அதைச் செய்யலாம். அவனோடு கூட நடந்து போய், ஆய்வகப் பொறுப்பாளரிடம் அவனுடைய கணக்கைத் திறந்து தரச் சொல்லிக் கேட்கலாம். கோப்பைப் பென் டிரைவில் வாங்கி ஆசிரியரிடம் நேரில் கொடுக்க உதவலாம். அரை மணி நேரம் போகும். முன்பே கொடுத்துவிட்டவர்கள் இன்றே மாற்றிவிடுங்கள். உங்கள் கணக்கில் வேறு யாரோ புகுந்ததாகத் தெரிந்தால், அன்றைக்கே எழுத்து மூலமாகப் பொறுப்பாளருக்குத் தெரிவியுங்கள். மூன்று வாரம் கழித்துச் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பிள்ளையின் கல்லூரிக் கடவுச்சொல்லை நீங்களும் கேட்காதீர்கள். மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டுமானால், பிள்ளையை அருகில் உட்கார வைத்துத் திறக்கச் சொல்லுங்கள்.

நம் சபை மன்றத்திலும் ஒரு பொதுக் கணினி இருக்கிறது. கல்வி உதவித்தொகை விண்ணப்பம், தேர்வுக் கட்டணம், வேலைவாய்ப்புப் பதிவு என்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும், எந்தச் சமயத்தவராயினும், வந்து பயன்படுத்துகிறார்கள். சில மாதங்களுக்கு முன் வாலிபர் சங்கத்துச் செயலர் அதில் பதிவிறக்கங்கள் சேரும் கோப்புறையைத் திறந்து என்னை அழைத்துக் காட்டினார். ஆதார் நகல்கள், சாதிச் சான்றிதழ்கள், வருமானச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கங்கள். ஒரு குழந்தையின் மருத்துவ அறிக்கையும் இருந்தது. அவர்கள் வேலையை முடித்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். அடுத்து உட்காருகிறவருக்கு எல்லாம் திறந்து கிடந்தன. எதையும் திறந்து படிக்காமல் மொத்தமாக அழித்தோம். குப்பைத் தொட்டியையும் காலி செய்தோம். வெளியேறாமல் விடப்பட்டிருந்த இரண்டு மின்னஞ்சல் கணக்குகளை மூடினோம். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும், ஆராதனைக்கு நாற்காலிகளை வரிசைப்படுத்தும்போது, வாலிபர் ஒருவர் முறை வைத்து அந்தக் கோப்புறையைச் சுத்தம் செய்கிறார். இரண்டு நிமிட வேலை. போன சனிக்கிழமை அதில் ஏழு கோப்புகள் இருந்தன.